சத்தமில்லாமல் ஒரு கேபினட்

"அடிப்பா! யாரு உன்னைத் தடுத்தது?" என்று கத்தினார் ரகுபதி.

வல்லரசு ஓங்கிய சுத்தியலை இறக்கினான். வாஷ்பேசின் கேபினட்டில் இனிப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. விளிம்பு மறைக்கும் பீடிங்குக்கு நாலு ஆணி, இரட்டைக் கதவுக்கு இரண்டு கைப்பிடி, அவ்வளவுதான். தச்சனுக்கு அரை மணி நேர வேலை.

ஆனால் பாத்ரூமை ஒட்டின அறையில் ரகுபதியின் அப்பா சாகக் கிடக்கிறாராம். இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லி மூன்று நாள் ஆகிறது. காலை எட்டு மணிக்கு வல்லரசு முதல் ஆணியை அடித்தபோது, அந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மனைவி புஷ்பவல்லி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். அதைப் பார்த்ததிலிருந்து அவனுக்குக் கை எழவில்லை. நம்ம சத்தத்துல அந்த உசுரு போச்சுன்னா?

"உள்ள பெரியவரு கீறாரே சார்."

"சத்தத்தால ஒண்ணும் ஆவாது. சீக்கிரம் முடி. என் பொண்ணு சௌமியாவை நிச்சயம் பண்ண இடத்துலேர்ந்து அத்தினி பேரும் வருவாங்க. கை கழுவுற இடம் இப்டி கலீஜா இருந்தா இன்னா நினைப்பாங்க?"

அப்பன் சாவுக்கு வருகிறவர்கள் பாத்ரூமைப் பார்த்து மார்க் போடுவார்களாம்! மனுஷனா இவர் என்று வல்லரசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் சொன்னால் சொல்லட்டும், நாம் சத்தம் போடக் கூடாது என்று முடிவு கட்டினான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடிக்கும்போது ஆணியையும் அடித்துவிடலாம் என்று காத்திருந்தான். லாரி வந்தது, ஹாரன் அலறியது. சுத்தியலை ஓங்கினான். ஹாரன் சட்டென்று நின்றது. பதறிப்போய்க் கையைத் திருப்பினதில் அடி கட்டைவிரல் மேல் விழுந்தது. அலறலை அப்படியே விழுங்கினான் பாவம்.

ஆணியே வேண்டாம் என்று பீடிங்கைப் பசை போட்டு ஒட்டினான். அது மெல்ல வழுக்கி இறங்கிக் கோணலாகப் பிடித்துக்கொண்டது. கதவு மூடவில்லை. கதவோரத்தை உப்புத்தாள் வைத்துப் பூனை மாதிரி தேய்த்தான். மேலே ஒட்டியிருந்த மைக்கா உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து வந்தது. அதை மறைக்கக் கைப்பிடியை அந்த இடத்துக்கு ஏற்றினான். டிரில் போட்டால் வீடே அதிருமே, அதனால் திருப்புளியைக் கையாலேயே திருகினான். கடைசியில் ஒரு கைப்பிடி இடுப்பு உயரத்திலும் இன்னொன்று முழங்காலுக்குப் பக்கத்திலும் நின்றன.

ரகுபதி வந்து பார்த்தார். அவர் முகம் வெளிறிவிட்டது.

"யோவ், இன்னாய்யா இது? மணி ரெண்டு ஆவுது! டிரில் போடுய்யா, உன் கால்ல வேணா வுழுறேன்!"

"நீங்க போங்க சார், நான் பாத்துக்கறேன்."

புஷ்பவல்லி இன்னும் அதே வாசலில்தான் இருந்தார். முந்தானை இன்னும் வாயில்தான். கண் இரண்டும் கோவைப்பழமாகிவிட்டது. வல்லரசுக்கு மனசு கேட்கவில்லை. அவர் எதிரில் போய்க் குந்தினான்.

"பயப்படாதம்மா. ஒரு சின்ன சத்தம்கூட வராது. பெரியவரு நிம்மதியா தூங்கட்டும்."

அந்த அம்மாள் அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இந்த வீட்டில் காலையிலிருந்து அடுப்பு மூட்டவில்லை, ஒரு வாய் காபி கொடுக்கவில்லை. போகட்டும், இந்த ஒரு கும்பிடு போதும் என்று எழுந்து வந்தான்.

இரண்டு கைப்பிடியையும் கழற்றினான். பீடிங்கைப் பிய்த்தான். முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வேலைக்காரி கன்னியம்மா பாத்ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"எப்போ முடியும் நைனா?"

"அவசரம் இன்னாக்கா? பொழுது சாஞ்சாலும் சாயட்டும். பெரியவருக்குத் தொந்தரவு இல்லாம முடிச்சுட்டுத்தான் போவேன்னு அம்மாகிட்ட சொல்லு."

கன்னியம்மா கூடத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பெரியவரு காத்தால ஆறு மணிக்கே செத்துப் பூட்டாரு நைனா. நீ முடிச்சப்புறம்தான் அம்மா வாய்வுட்டு அழணும்னு சார் சொல்லிகீறாரு."