முஸ்தீபுக்காரர் வேலையில் இருக்கிறார்

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மனிதர்களில் முஸ்தீபுக்காரர் என்றொரு இனம் உண்டு. சோம்பேறி என்று அவரை நினைத்துவிடாதீர்கள், அது பெரிய அபாண்டம். சோம்பேறி படுத்துக் கிடப்பான். இவருக்குப் படுக்க நேரம் ஏது? ஊர் விழிக்கும் முன்பே எழுந்து, குளித்து, மேஜையைத் துடைத்து, துடைத்த துணியை அலசிக் காயப்போட்டு, காயப்போட்ட கொடி தொய்ந்திருப்பதைக் கண்டு, அதை இழுத்துக் கட்ட ஸ்டூலைத் தேடி, ஸ்டூலின் கால் ஆடுவதைக் கண்டு, அதற்கு ஆணி தேடி, ஆணி டப்பாவில் துருப்பிடித்ததையும் பிடிக்காததையும் தனித்தனியே பிரித்து வைப்பதற்குள் பொழுது ஏறிவிடும். ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டார். ஒன்றே ஒன்றைத்தான் செய்ய மாட்டார். வேலை.

வேலையின் மீது அவருக்குப் பகை ஒன்றும் கிடையாது. அபார மரியாதை. அந்த மரியாதையினால்தான் வெறுங்கையோடு அதன் முன்னால் போய் நிற்கக் கூசுகிறார். எல்லாம் தயாரான பிறகு போகலாம் என்று இருக்கிறார். எல்லாம் எப்போது தயாராகும்? நல்ல கேள்வி. அதற்குத்தான் அவர் இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறார்.

நமக்குத் தெரிந்த முஸ்தீபுக்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்வோம். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. வீட்டுச் சாமான்கள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் உபயோகக் கையேடு எழுதுகிற உத்தியோகம். வாஷிங் மெஷின் வாங்கினால் பெட்டிக்குள் ஒரு சின்னப் புத்தகம் இருக்குமே, நீங்கள் பிரிக்காமல் தூக்கிப் போடுவீர்களே, அதை எழுதுகிறவர். 'கதவை மூடவும், பொத்தானை அழுத்தவும், பச்சை விளக்கு எரியும்' என்று ஊருக்கெல்லாம் மூன்றே வரியில் தொடங்கச் சொல்லித் தருகிறவர்.

அவருடைய அறைக்குள் போய்ப் பார்ப்போம், வாருங்கள். கதவை மெதுவாகத் திறங்கள். ஏறி இறங்கும் மேஜை. முதுகுக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று என்று தனித்தனியாகத் திருகு வைத்த நாற்காலி. கால் வைக்க ஒரு சாய்வுப் பலகை. கண்ணுக்கு இதமாக ஒரு விளக்கு, மனதுக்கு இதமாக ஒரு செடி. மேஜை போன மாதம் ஜன்னலைப் பார்த்து இருந்தது. வெளிச்சம் நல்லது என்றார். இந்த மாதம் சுவரைப் பார்த்து இருக்கிறது. வெளிச்சம் கவனத்தைக் கலைக்கிறது என்கிறார். செடிக்கு எது நல்லதென்று யாரும் கேட்கவில்லை.

காலையில் அவர் வேலைக்குப் போகிற அழகு இருக்கிறதே, அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். இஸ்திரி போட்ட சட்டை, பெல்ட், ஷூ, தோளில் பை. "போயிட்டு வரேன்" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி, கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் மூன்று மாடியும் ஏறி வந்து, தன் வீட்டு அழைப்பு மணியைத் தானே அடிப்பார். ஆபீஸ் போன மனநிலை வர வேண்டுமாம். மனைவி வந்து கதவைத் திறந்துவிட வேண்டும். திறந்தவரிடம் பேச மாட்டார். ஆபீஸில் குடும்ப விஷயம் பேசுவது அவருக்குப் பிடிக்காது.

அந்த மனைவியும் வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த வீட்டில் எல்லோரும் அதை மறந்துவிடுவதுதான் வழக்கம். ஒரு மருந்துக் கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறார். சாப்பாட்டு மேஜையின் ஒரு கோடியில், கழுவிக் கவிழ்த்த தட்டுகளுக்குப் பக்கத்தில், ஒரு எழுத்து பெயர்ந்துபோன மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்காருவார். அவ்வளவுதான் அவருடைய முஸ்தீபு. நடுவில் எழுந்து போய்க் கதவும் திறப்பார்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அறைக் கதவைத் தட்டினாள்.

"அப்பா, என் பென்சில் சீவித் தா."

"அப்பா இப்ப ஆபீஸ்ல இருக்கேன்டா."

"சரி. எப்ப வருவே?"

"ஆறு மணிக்கு."

அவள் வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்பா வருவார் என்று.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு திங்கட்கிழமை மேலாளர் அம்மாள் போன் செய்தார். அவர் தலைமை அலுவலகத்தில் இருக்கிறார். அது இங்கிருந்து ஒரு ராத்திரி ரயில் பயண தூரம்.

"சார், இங்க ஒரு முடிவு எடுத்திருக்காங்க. யாரோட வேலை நேரத்துக்கு வருதோ அவங்க மட்டும் வீட்டுல இருந்தே பண்ணலாம். மத்தவங்க இங்க வந்துடணும். உங்களோட ரெண்டு கையேடு ஏற்கெனவே லேட். இந்தப் புது மெஷினோடது வெள்ளிக்கிழமை சாயந்திரம் அஞ்சு மணிக்குள்ள வரலைன்னா, என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் பயந்துபோனார். கேலியெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், மனிதர் நிஜமாகவே பயந்துபோனார். அந்த ஊருக்குப் போனால் தனியாக ஒரு ரூம், ஓட்டல் சாப்பாடு, மாதத்துக்கு ஒரு தடவை வீடு. மகள் இன்னமும் அவர் காது மடலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். அந்தச் சின்ன விரல்கள் இல்லாமல் அவருக்குமே தூக்கம் வராது. இந்த ஒரு கையேட்டை மட்டும் உயிரைக் கொடுத்தாவது முடித்துவிடுவது என்று சபதம் எடுத்துக்கொண்டார்.

எடுத்துக்கொண்டு என்ன செய்தார்? உடனே எழுத உட்கார்ந்துவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? நீங்கள் இந்த இனத்தை இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

திங்கட்கிழமை திட்டம் போட்டார். வாரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, யோசிக்கிற நேரத்துக்கு நீலம், எழுதுகிற நேரத்துக்குப் பச்சை, திருத்துகிற நேரத்துக்குச் சிவப்பு என்று வண்ணம் பூசிச் சுவரில் ஒட்டினார். பச்சை கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது என்று பட்டதால் கிழித்துவிட்டு மறுபடியும் பூசினார். அடுத்த நாள் முழுக்க நாற்காலித் திருகுகள். அதற்கடுத்த நாள், கடுமையாக உழைப்பது எப்படி என்று விளக்கும் வீடியோக்களைப் படுத்துக்கொண்டு பார்த்தார். வியாழக்கிழமை சாயந்திரம்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. குற்றம் தன்மேல் இல்லை, கவனச்சிதறல்மேல்! செய்தி, விளையாட்டு, அரட்டை, வீடியோ, எல்லாம் சேர்ந்து தன்னைக் கெடுக்கின்றன. அவற்றைப் பூட்டிவைக்க ஒரு செயலி இருந்தது. சாதாரணப் பூட்டு ஒன்று, கெஞ்சினாலும் திறக்காத பூட்டு ஒன்று. நம்மவர் எதை வாங்கியிருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

வெள்ளிக்கிழமை காலை கட்டடத்தைச் சுற்றிவிட்டு வந்து, நெட்டி முறித்து, பூட்ட வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் குறிவைத்தார். செய்தி, பூட்டு. வீடியோ, பூட்டு. கை சூடேறிவிட்டது. மின்னஞ்சல்? அதுதான் பெரிய சத்துரு, பூட்டு. அலுவலகப் பக்கங்களா? யாராவது அங்கே கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அதையும் பூட்டு. கணினி ஒன்று போதுமா, போன் சும்மா விட்டுவிடுமா? போனையும் சேர்த்துக்கொண்டார். மாலை ஆறு மணி வரை என்று வைத்து அழுத்தினார். ஒரு மகாயுத்தத்தை வென்ற திருப்தியுடன் கையேட்டைத் திறக்கப் போனார்.

கையேடு அலுவலகப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது! மெஷினின் படங்கள், பொறியாளர் அனுப்பிய குறிப்புகள், எல்லாம் அங்கேதான். திரையில் ஒரு பூ விரிந்தது. அதன் கீழே எழுத்து வந்தது: 'நீங்கள் இப்போது முழுக் கவனத்துடன் வேலை செய்கிறீர்கள். வாழ்த்துகள்!'

அணைத்துப் போட்டுப் பார்த்தார். பூ. போனில் பார்த்தார். அங்கேயும் பூ. அதைத் திட்டினார், பிறகு நிஜமாகவே கெஞ்சினார். மத்தியானம் வரை பூவோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூடத்துக்கு ஓடி வந்தார். மனைவி மாசக் கடைசிக் கணக்கில் மூழ்கியிருந்தார்.

"என்னங்க, அதுக்குள்ள ஆபீஸ் விட்டாச்சா?"

"எல்லாத்தையும் பூட்டிட்டேன்மா. என் வேலையையும் சேர்த்துப் பூட்டிட்டேன்."

மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். சிரிக்கலாம் என்று வாயெடுத்தவர், அந்த முகத்தில் இருந்ததைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"எவ்வளவு எழுதியிருக்கீங்க?"

"தலைப்பு."

"தலைப்பு மட்டுமா?"

"அதுலயும் எழுத்து சைஸ் இன்னும் முடிவாகலை."

மனைவி தன் போனை நீட்டினார். அதை வாங்கி, நம்மவர் மேலாளர் அம்மாளிடம் ஒரு பொய்யும் பாதி உண்மையுமாகச் சொல்லி, படங்களையும் குறிப்புகளையும் மனைவியின் மின்னஞ்சலுக்கே அனுப்பச் செய்தார். மகள் படம் வரைகிற பழைய மடிக்கணினி வந்தது. விசைப்பலகை முழுக்க ஜாம் பிசுபிசுப்பு. சாப்பாட்டு மேஜையின் மறுகோடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மேல்மாடியில் யாரோ சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். குளியலறையில் குழாய் ரிப்பேர்க்காரர் குழாயோடு பேசிக்கொண்டிருந்தார்.

"முதல் வரி சரியா அமையணும்மா. அதுக்குக் கொஞ்சம் அமைதியா..."

"தப்பா எழுதுங்க. எனக்குக் கணக்கு இருக்கு."

தப்பாகவே எழுதினார். இரண்டாவது வரி அவ்வளவு தப்பாக வரவில்லை. மூன்றாவது வரியில் சூடு பிடித்தது. குழாய்க்காரர் வந்து "சார், கொஞ்சம் டார்ச் பிடிங்க" என்றபோது கணினியோடு போய், டார்ச்சை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் தட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அவள் தலைக்கு மேலாகத் தட்டினார். எது நீலம், எது பச்சை என்ற நினைப்பே வரவில்லை. ஐந்து மணி அடிக்க ஒரு மூச்சு இருக்கையில் மனைவியின் மின்னஞ்சலிலிருந்தே கையேடு பறந்துபோயிற்று.

கொஞ்ச நேரத்தில் மனைவியின் போன் அடித்தது.

"சார், படிச்சேன். நீங்க எழுதினதுலயே இதுதான் தெளிவா இருக்கு. நீங்க அங்கேயே இருங்க சார், வர வேணாம்."

மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். கண் கலங்கிவிட்டது. மனைவிக்கும்தான். இரண்டு பேரும் மாறி மாறி அந்தக் குழந்தையை முத்தமிட்டதில் அது மூச்சுத் திணறி, "விடுங்க, விடுங்க" என்று கத்தியது.

உங்களையும் என்னையும் போன்றவர்களாக இருந்தால் இதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டிருப்போம். முஸ்தீபுக்காரரும் கற்றுக்கொண்டார். சனி, ஞாயிறு முழுக்க ஆராய்ந்து, வெற்றியின் ரகசியம் சாப்பாட்டு மேஜையில்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்! அந்த உயரம். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி. அந்தச் சத்தம். திங்கட்கிழமை காலையில் விளக்கு, செடி, சாய்வுப் பலகை எல்லாம் கூடத்துக்கு இடம்பெயர்ந்தன. துளை போடுகிற சத்தத்தைப் பதிவு செய்ய மேல்மாடிக்குப் போய், மறுபடியும் எப்போது துளை போடுவார்கள் என்று விசாரித்துவிட்டு வந்தார்.

"நீ உள்ள ரூமை எடுத்துக்கோயேன். உனக்கும் ஒரு வசதியான இடம் வேணுமில்ல?" என்றார் மனைவியிடம், பெரிய மனது பண்ணி.

மனைவி உள்ளே போனார். போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கதவு திறந்தது. "அப்படி உட்கார்ந்தா முதுகு போயிடும்மா" என்று ஒரு திருகைத் திருகிவிட்டுப் போனார். இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்து மேஜையை ஏற்றினார். அப்புறம் வந்து இறக்கினார். காற்று சரியில்லை என்று ஜன்னலைத் திறந்தார், தூசி என்று சாத்தினார். "நீ பாட்டுக்கு வேலையைப் பாரு, நான் தொந்தரவு பண்ணலை" என்று சொல்வதற்காக ஒரு தடவை தனியாக வந்தார். அந்த வாரம் முழுவதும் இதே கதைதான். மனைவி ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்திலிருந்து கணக்கை மறுபடியும் கூட்டினார். வார முடிவில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு தன் கம்பெனி மேலாளரிடம் போனில் பேசியது வெளியே கேட்டது.

"சார், நான் இனிமே நேர்லயே வரலாம்னு பார்க்கிறேன். தினமும்தான் சார். எந்த மூலையா இருந்தாலும் பரவாயில்லை. ஜன்னல் இல்லைன்னாலும் சரி."

வீட்டை விட்டுப் பிரிய வேண்டியிருக்குமே என்று ஒரு வாரம் பயந்து செத்தவர், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று இதைக் கேட்டார். மனசு ஒரு கணம் என்னவோ செய்தது. நான் என்ன தப்புச் செய்தேன் என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்று நினைத்தார். யோசிக்க ஏற்ற இடம் எது என்று பார்க்கத் தொடங்கினார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இந்த ஆளை எனக்குத் தெரியுமே, அச்சு அசல் அவன்தானே என்று யாரோ ஒருவரை நினைத்துக்கொள்கிறீர்கள், இல்லையா? உடனே அவருக்கு இதைப் படிக்கக் கொடுக்கலாம் என்றுகூடத் தோன்றும். தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதற்கு முன் ஒன்றை மட்டும் ஞாபகப்படுத்திப் பாருங்கள். இது உங்கள் கைக்கு எப்படி வந்தது? நீங்களாகத் தேடி எடுத்தீர்களா, அல்லது வீட்டில் யாராவது "இதைக் கொஞ்சம் படிச்சுப் பாருங்களேன்" என்று கொடுத்தார்களா? கொடுத்துவிட்டு, இப்போதும் கதவோரமாக நின்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்களா?