கீழ்ப்படிவுள்ள ஊழியன்

வன்னியில் ஆங்கிலத்தின் சட்டையைப் பிடித்து நியாயம் கேட்ட ஒரே மனிதர் பெட்டிசத்தார்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அக்கராயனில் வயல் செய்தவர். பெட்டிசம் என்கிற மனு எழுதி எழுதியே அந்தப் பெயர் வந்தது. வீட்டில் வைத்த பெயர் கோப்பில் மட்டும் இருந்தது. கையில் கிழிந்த அகராதி, மூக்கு நுனியில் கோபம். எங்கள் நீர்ப்பாசனக் கந்தோரின் ஆங்கிலக் கடிதங்களைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, அதன்படி நடக்கச் சொல்லி வந்து நிற்பார்.

நான் அங்கே தட்டெழுத்துக் கிளாக்கர். அவருடைய வாய்க்கால் உடைந்தபோது, 'ஒரு கல்லையும் புரட்டாமல் விடமாட்டோம்' என்று ஆங்கிலத்தில் பதில் அடித்தேன். எல்லா முயற்சியும் செய்வோம் என்பதை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மூன்றாம் நாள் பெட்டிசத்தார் கந்தோர் வளவில் குனிந்து நின்றார்.

"என்ன தேடுறியள்?"

"கல்லுப் பாக்கிறன் தம்பி. ஒண்டும் புரட்டேல்லை. எல்லாத்திலையும் பாசி!"

ஒரு கல்லைத் தூக்கிவந்து என் மேசையில் போட்டார். "இதையாவது புரட்டும்!"

கந்தோரே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே ஒன்று போட வேண்டும் போல இருக்கிறது. வாய்க்காலை அவரே மண்வெட்டியோடு இறங்கிக் கட்டினார்.

அடுத்த போகம் மழை ஏமாற்றியது. நெல் கதிர் தள்ளும் நேரம். குளத்தில் தண்ணீர் இருந்தது. மதகை, எங்கள் பேச்சில் துருசை, திறக்கும் உத்தரவுதான் இல்லை. மூன்று பெட்டிசம் எழுதினார். மூன்றுக்கும் 'விடயம் கவனத்தில் உள்ளது' என்றே பதில். ஒவ்வொன்றின் அடியிலும் வழக்கமான ஆங்கில முடிப்பு: 'ஐயா, நான் தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்.' அதன் கீழே எங்கள் கந்தோர்ப் பெரியவரின் கையெழுத்து.

பெட்டிசத்தார் மூன்று கடிதங்களோடும் பெரியவரின் அறைக்குள் நுழைந்தார்.

"இதில கையெழுத்து வைச்சது நீங்கள்தானே?"

"ஓம்."

"அப்ப ஊழியனுக்கு உத்தரவு போடுறன். துருசைத் திறவுங்கோ!"

"காணும் உம்மட விசர்க்கதை! அது கடிதம் முடிக்கிற முறை. அதுக்கொரு அர்த்தமும் இல்லை."

"அப்ப 'கவனத்தில் உள்ளது' எண்டதுக்கும் அர்த்தமில்லையோ?"

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. வாசலில் அவரை மறித்தேன்.

"உங்களுக்கு உண்மையாவே விளங்கேல்லையோ?"

"எல்லாம் விளங்குது தம்பி. நீங்கள் சும்மா எழுதிறியள் எண்டும் தெரியும். ஆனா என்ர நெல்லு சும்மா காயேல்லையே!"

மறுநாள் துருசு திறந்தது. அதற்குள் பாதி வயல் பதர். அதற்காக ஒரு வருத்தக் கடிதம்கூடப் போகவில்லை.

அதன்பிறகு அவருடைய பெட்டிசம் வந்தால், பெரியவர் உத்தரவு எழுதும்வரை அவர் மேசை முன்னால் நிற்பேன். ஏச்சு வாங்கியும் நின்றிருக்கிறேன். ஓய்வு பெறும்வரை அந்த முடிப்பு வரியை எத்தனையோ பேருக்கு அடித்தேன். பெட்டிசத்தாருக்கு அடித்தபோது மட்டும் அது பொய்யில்லை.