பத்து ஆம்பியரும் சுற்றாத சக்கரமும்

அன்று காலை மீட்டர் பெட்டியின் முன் நின்றவர்கள் மாமனார், மாமியார், மகள், மாப்பிள்ளை, பிறகு வரவழைக்கப்பட்ட பக்கத்து வீட்டுக்காரர், கடைசியாக எலக்ட்ரீஷியன். வேறொருவரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்பவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர்கள்.

மாப்பிள்ளை தொழிற்பள்ளியில் மின்சாரப் பாடம் நடத்துபவர். அந்தக் குடும்பத்தின் ஒரே வாத்தியார்.

"குளியலறை ஹீட்டர்தான் மாமா கரண்ட்டத் தின்னுது" என்றார் அவர்.

மாமனாருக்குச் சுருக்கென்றது. "இந்தத் தெருவுலயே அளவா கரண்ட் செலவு பண்ற வீடு இது, மாப்ள!"

மாப்பிள்ளை ஹீட்டர் ஒயரில் கருவியை வைத்து அளந்தார். இருநூற்று முப்பது வோல்ட், பத்து ஆம்பியர். சாக்பீஸால் சுவரிலேயே எழுதினார்.

"வோல்ட்ட ஆம்பியரால வகுத்தா மின்தடை, இருபத்து மூணு ஓம். ரெண்டையும் பெருக்கினா திறன், ரெண்டாயிரத்து முந்நூறு வாட். மீட்டர் சக்கரம் பம்பரமா சுத்தும், வந்து பாருங்க."

சக்கரம் நடைப்பயிற்சி போவதுபோல் நகர்ந்துகொண்டிருந்தது.

"மத்ததெல்லாம் குழப்புது. ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாத்தையும் நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். ஹீட்டர் மட்டும் ஓடியது. சக்கரம் அடியோடு நின்றுவிட்டது.

"நல்லாத்தான் சுத்துது பம்பரம்" என்றார் மாமியார்.

மாப்பிள்ளை ஹீட்டரைக் கழற்றி மின்தடையைத் தனியாக அளந்தார். அதே இருபத்து மூன்று ஓம். வேறு வழியில் கணக்குப் போட்டார். அதே இரண்டாயிரத்து முந்நூறு. மறுபடி மாட்டினார். தண்ணீர் சுட்டது. சக்கரம் அசையவில்லை.

"பொது மனுஷர் ஒருத்தர் பார்க்கட்டும்" என்று மாமனார் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் மகள் மாப்பிள்ளையிடம்தான் படிக்கிறாள்.

அவர் சுவரைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், செல்போனை எடுத்தார்.

"கண்ணு, இன்னிக்குப் பரீட்சையில வோல்ட்டு ஆம்பியர் கணக்கு வந்தா விட்டுடு. சாருக்கே வரல."

அரை மணி நேரத்தில் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. வாத்தியாருக்குக் கணக்கு வராதாம்.

"இனிமே நான் எப்படிங்க வெளிய தலை காட்டுறது?" என்று புருஷனிடம் கேட்டாள் மாமனாரின் மகள். மாமியார் ஈரத்துணியால் சுவரைத் துடைத்தார். கணக்கு இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

பதினாறு வருடம் பாடம் நடத்தியவர், நிமிராமல் சொன்னார்: "நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன் மாமா. மன்னிச்சிடுங்க."

மாமனாருக்கு அது பொறுக்கவில்லை. மாப்பிள்ளையின் தலை குனிந்தால் வீட்டின் தலையும் குனிந்ததுதான்.

"எலக்ட்ரீஷியனக் கூப்பிடு! எல்லாரும் பார்க்கச் சோதிக்கட்டும். ஐயா, நீங்களும் இருங்க. போயிடாதீங்க."

பக்கத்து வீட்டுக்காரர் இருந்தார்.

எலக்ட்ரீஷியன் வந்து மெயின் ஸ்விட்சை இறக்கினார். வீட்டுக்கு வரும் கரண்ட் மொத்தமும் நின்றது. குளியலறையில் ஹீட்டரின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஒயர் போகும் வழியை விரலால் தொட்டுக்கொண்டே போனவர், இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் நின்றார்.

"அப்போ சாருக்குக் கணக்கு வராதுங்கறது உண்மைதானே?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"எவன் சொன்னான்? கணக்கு அச்சு அசலா சரிங்க. சக்கரம் உங்க வீட்டுல சுத்துது."