தாங்கு தாங்கென்று தாங்குகிறவர்

மனிதர்களில் தாங்குகிறவர் என்று ஓர் இனம் உண்டு. திட்டுகிறவரைத் திருப்பித் திட்டலாம், ஏமாற்றுகிறவர் மேல் வழக்குப் போடலாம், தாங்குகிறவரை என்ன செய்வீர்கள்? நாற்காலியிலிருந்து எழலாமா என்று நீங்கள் யோசிக்கும்போதே அவருடைய கை உங்கள் தோளில் விழுந்துவிடும். நீங்கள் தும்மினால் ஜன்னலைச் சாத்துவார். சாத்தியதால் உங்களுக்கு வேர்த்தால், காய்ச்சல்தான் என்று முடிவு செய்து வீட்டுக்கு அனுப்புவார். மூன்று நாள் கழித்து நீங்கள் திரும்பி வரும்போது உங்கள் வேலையை வேறொருவர் செய்துகொண்டிருப்பார். எல்லாம் உங்கள் நல்லதுக்கு. குறை சொல்ல வாய் வருமா?

இந்த இனத்தின் முதல்தரமான ஆள் ஒருவரிடம் நான் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். பெயர் பிரேபென். டென்மார்க்கில் எங்கள் ஹோப்ரோ ஊரில் அறுநூற்று நாற்பது வாடகை வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு குடியிருப்புச் சங்கத்தின் மேலாளர். நல்லவர். அதில்தான் சிக்கலே. அலுவலகத்தில் அவரைத் தவிர இரண்டு பேர். வாசலை ஒட்டி உட்கார்ந்து தொலைபேசி எடுக்கும் யூட்டெ, அறுபது வயது, முப்பது வருட சர்வீஸ், யாருக்கும் பயப்படாதவள். அடுத்து, வருகிற கடிதங்களுக்குப் பதில் எழுதும் நான். இருவரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தோம். தாங்குவதற்கு ஒரு ஆள் இல்லாமல் பிரேபென் பல வருடங்களாக வாடிப்போயிருந்தார் என்பது, ரிக்கெ வந்த பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

ரிக்கெக்கு முப்பத்தொரு வயது. பதினைந்து வயதிலிருந்து வலிப்பு நோய். வணிகப் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கி முடித்தவள். ஆனால் ஒரு நாள்கூட அலுவலகத்தில் வேலை பார்த்ததில்லை. பார்க்க விட்டால்தானே? நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கும் கார் ஓட்டும் உரிமம் வேண்டும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். வலிப்பு உள்ளவளுக்கு அது ஏது? விண்ணப்பத்தின் முதல் பத்தியில் நோயைச் சொன்னாள், பதிலே வரவில்லை. கடைசிப் பத்திக்குத் தள்ளினாள், நேர்காணலுக்கு அழைத்தவர்கள் அவள் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கடைசிப் பத்தி வரைக்கும் படித்தார்கள். அடியோடு எடுத்துவிட்டாள், அப்போது வேறு கேள்வி வந்தது.

“பத்து வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“வேலை தேடிட்டிருந்தேன்.”

“அதுக்கு முன்னாடி?”

“வேலை தேடறதுக்காகப் படிச்சிட்டிருந்தேன்.”

கடைசியில் வேலைவாய்ப்பு அலுவலகம் அவளைப் பதின்மூன்று வாரப் பயிற்சிக்கு எங்களிடம் அனுப்பியது. பயிற்சி முடிவதற்குள் மேலாளர் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். அதில் நல்லபடியாக எழுதினால் நாங்களே வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால், வேலைக்கு லாயக்கில்லை என்று முப்பத்தொரு வயதிலேயே ஓய்வூதியத்துக்கு எழுதிவிடுவதாக அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதையும் நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பார்கள்.

நேர்காணலில் நானும் இருந்தேன். உனக்கு என்ன தெரியும் என்று பிரேபென் கேட்கவில்லை. உனக்கு என்ன ஆகும் என்றுதான் கேட்டார்.

ரிக்கெ நிதானமாகச் சொன்னாள். “பெரிய வலிப்பு வந்து நாலு வருஷம் ஆச்சு. மாத்திரை நல்லாக் கேக்குது. சின்னது மட்டும் எப்பவாவது வரும். பத்து செகண்டு, பதினஞ்சு செகண்டு அப்படியே நின்னுடுவேன். நீங்க பேசறது காதுல விழாது. அப்புறம் நானே வந்துடுவேன். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். விட்ட எடத்துலேர்ந்து மறுபடி சொன்னாப் போதும்.”

“ஒண்ணுமே பண்ண வேண்டாமா?” என்றார் பிரேபென். அவர் முகம் விழுந்துவிட்டது. தாங்குகிறவரிடம் சொல்லவே கூடாத வார்த்தை இது.

திங்கட்கிழமை ரிக்கெ வருவதற்குள் பிரேபென் எல்லாம் பண்ணி முடித்திருந்தார். மேசையின் நாலு மூலையிலும் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற பஞ்சுக் குழல். நாற்காலிக்குக் கீழே தடித்த விரிப்பு. சுவரில் ஒன்பது கட்டளைகள் எழுதிய அட்டை. அதில் ஏழாவது கட்டளை, ‘பதற்றமில்லாமல் பிரேபெனைக் கூப்பிடவும்’.

யூட்டெ அந்த மேசையைச் சுற்றி வந்து பார்த்தாள். “என்ன பிரேபென், முட்டை பார்சல் ஏதாவது வருதா?”

வேலை தொடங்கியது. அல்லது, தொடங்கவில்லை. ரிக்கெ ஸ்டேப்ளரை எடுத்தால் கையில் குத்திவிடும். ஃபைல் அறைக்குப் போனால் படிக்கட்டு இருக்கிறது. காபி எடுத்துவரப் போனால் சூடு. கணினித் திரை மினுமினுத்தால் ஆபத்து என்று எங்கோ படித்திருந்தார். தனக்கு வெளிச்சத்தால் வருவதில்லை, மருத்துவரே சோதித்துப் பார்த்துவிட்டார் என்று அவள் சொன்னதற்கு, “இருக்கட்டும்மா, எதுக்கு ரிஸ்க்கு” என்று கணினியைத் துணி போட்டு மூடிவிட்டார். தொலைபேசி? திடீரென்று அலறுகிற சாமான், அது வேண்டவே வேண்டாம்.

“அப்ப நான் என்ன செய்யட்டும்?”

“நீ உக்காரும்மா. நாங்க இருக்கோமில்ல.”

அவள் உட்கார்ந்தாள். அலமாரியில் இருந்த சங்க விதிமுறைப் புத்தகத்தைப் படித்தாள். அது முடிந்ததும் குடியிருப்பவர்களின் பெயர்ப் பட்டியலைப் படித்தாள். அதுவும் முடிந்ததும் கொதிகலன், மின்தூக்கி, சலவை அறை ஆகியவற்றின் பராமரிப்புக் குறிப்பேடுகளைப் படித்தாள். ஒன்பது வாரம் ஒரு மனுஷி வேறு என்ன செய்ய முடியும்?

இதற்கிடையில் எனக்கும் ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது. பிரேபென் ஒரு நோட்டைக் கொடுத்து, ரிக்கெ எப்போதெல்லாம் “அப்படியே நின்றுவிடுகிறாள்” என்று நேரத்தோடு குறிக்கச் சொன்னார். நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை, அழகாகக் கோடு போட்டுக் குறித்துவைத்தேன். இரண்டு வாரத்தில் பதினேழு முறை. ஒரு மதியம் ரிக்கெ என் மேசைக்கு வந்து நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

“மூணாவதும் அஞ்சாவதும் வலிப்பு இல்ல,” என்றாள். “கொட்டாவியை அடக்கிட்டிருந்தேன்.”

“மத்ததெல்லாம்?”

“இது ஒண்ணு நிஜம். பாக்கி எல்லாம் நீங்க பேசிட்டிருந்த நேரம்.”

அதற்குப் பிறகு நான் குறிப்பதை நிறுத்திவிட்டேன். என் பேச்சைப் பற்றி எழுத்தில் ஆவணம் வைத்திருக்க வேண்டிய அவசியம் எனக்கு என்ன?

பத்தாவது வாரம் வெள்ளிக்கிழமை, காலை ரொட்டி சாப்பிட்டு முடித்ததும் பிரேபென் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கண் கலங்கியிருந்தது. ‘பயிற்சியில் கற்றுக்கொண்ட வேலைகள்’ என்ற கட்டத்துக்கு நேராகப் பேனா நின்றிருந்தது.

“எப்படி வேலைக்கு எடுத்துக்கறது சொல்லு. அவ எதுவுமே செய்யலையே.”

“நீங்க செய்ய விட்டீங்களா?”

“அவ நல்லதுக்குத்தானே.”

ரிக்கெ கதவருகில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. “அந்தக் கட்டத்துல என்ன எழுதியிருக்கீங்க?” என்று கேட்டாள்.

“காலியா விட்டிருக்கேன்மா. உன்னைப் பத்தித் தப்பா ஒரு வார்த்தை எழுத எனக்கு மனசு வரல.”

அவள் கழிப்பறைக்குப் போய்விட்டு வெகுநேரம் கழித்து வந்தாள். கண் சிவந்திருந்தது. மதியம், கறுப்பு ரை ரொட்டியில் ஊறவைத்த மீன் துண்டை வைத்து, ஒரு வாய் விடாமல் மென்று தின்றாள். யூட்டெ அவள் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். யூட்டெ ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடத்தில் அது முதல் தடவை.

அடுத்த புதன்கிழமை பிரேபெனுக்குக் காய்ச்சல் வந்தது. நோயைப் பற்றி நான் சந்தோஷப்பட்டது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான். பிப்ரவரி மாதம், வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது டிகிரி. விடியற்காலையில் வெந்நீர்ப் பம்பு ஒன்று உடைந்து, நூற்று அறுபது வீடுகளில் வெப்பம் நின்றுபோயிருந்தது. எட்டு மணிக்கு நாங்கள் கதவைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. யூட்டெ ஒன்றை எடுத்தாள். நான் இன்னொன்றை எடுத்தேன். பழக்க தோஷத்தில் “கடிதமா எழுதி அனுப்புங்க” என்று இரண்டு பேரிடம் சொல்லி, அவர்களிடம் எழுத்தில் போட முடியாத வார்த்தைகளைக் கேட்டுக்கொண்டேன். பிரேபெனின் அறையில் மூன்றாவது தொலைபேசி கேட்பாரற்று அலறியது.

ரிக்கெ எழுந்தாள். நேராக அந்த அறைக்குள் போனாள். எடுத்தாள்.

அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்து நானும் யூட்டெயும் எங்கள் அழைப்புகளையே மறந்தோம். எந்தப் படிக்கட்டில் யார் குடியிருக்கிறார்கள், எங்கே கைக்குழந்தை, எந்த வீட்டுக்கு எந்தக் குழாயிலிருந்து வெந்நீர் போகிறது, பம்பைக் கடைசியாகப் பழுதுபார்த்தவர் யார், அவருடைய வீட்டுத் தொலைபேசி எண் என்ன, எல்லாம் அவள் நுனிநாக்கில் இருந்தது. ஒன்பது வாரம் சும்மா படித்தவள் இல்லையா? பத்து மணிக்குள் பழுதுபார்ப்பவர் வந்துவிட்டார். கிடங்கில் கிடந்த, அறையைச் சூடாக்கும் மின்கணப்புகளை யாருக்கு முதலில் கொடுப்பது என்று வரிசை போட்டு, கட்டிடக் காவலாளிகள் இரண்டு பேரையும் அனுப்பிவிட்டாள்.

பதினொரு மணிக்கு ஐனார் கூப்பிட்டார். ஆறாம் கட்டிடத்தில் தனியாக இருக்கும் பெரியவர், ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அவருடைய குரல் தெரியும். தொலைபேசியைக் காதில் வைக்கத் தேவையில்லாத குரல். “பதினேழு வருஷமா சொல்லிட்டிருக்கேன், பம்பு பழசு, பம்பு பழசுன்னு. எவனாவது காதுல வாங்கினீங்களா? ஒருத்தன் லைனை மாத்தறான், ஒருத்தன் கடுதாசி போடுங்கறான்...”

ரிக்கெ கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கண் ஒரு புள்ளியில் நின்றது. பேனா விரலுக்கிடையில் அப்படியே நின்றது. இந்த முறை கொட்டாவி இல்லை என்று எனக்கே தெரிந்தது.

அவள் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்க நான் ஓடினேன். யூட்டெ என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். “ஒண்ணும் பண்ண வேண்டாம்னு அவ சொன்னாளா இல்லையா?” என்றாள் மெதுவாக.

ஐனார் கத்தினார். பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் கத்தினார். குறுக்கே பேச்சில்லை, மன்னிக்கவும் இல்லை, விதிமுறை எண் இல்லை. அவருக்குக் கத்தல் தீர்ந்துபோனது. அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

ரிக்கெ கண்ணை இமைத்தாள். “கடைசியா சொன்னதை மறுபடி சொல்றீங்களா, ஐனார்?”

அவர் சொன்னார், இதுவரை நாங்கள் கேட்டறியாத ஒரு சின்னக் குரலில். “கடைசியாவா? குளுருதுன்னு சொன்னேன். அவ்வளவுதான்மா.”

“வீட்ல வேற யாராவது இருக்காங்களா?”

“யாரும் இல்ல.”

அடுத்த மின்கணப்பு ஆறாம் கட்டிடத்துக்குப் போனது.

வெள்ளிக்கிழமை பிரேபென் மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பியபோது, அவர் மேசையில் சங்கத் தலைவி அனுப்பிய குறிப்பும், அதோடு ஐனாரின் கடிதமும் காத்திருந்தன. ‘நான் பேசி முடிக்கும்வரை பேசாமல் கேட்ட ஒரே ஆள் உங்கள் அலுவலகத்தில் அந்தப் பெண்தான். அவளை வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்களைப் பற்றி எனக்குக் கருத்து உண்டு, கேட்டால் சொல்கிறேன்’ என்று எழுதியிருந்தார். யாரும் கேட்கவில்லை.

நடந்ததை யூட்டெ சொன்னாள். பிரேபென் வெளிறிப்போய் உட்கார்ந்தார். “ஃபோன்ல பேசிட்டிருக்கும்போதா வந்துச்சு? நான் இல்லாதப்பவா? யாரு பார்த்துக்கிட்டது?”

“நானே பார்த்துக்கிட்டேன்,” என்றாள் ரிக்கெ. படிவத்தை எடுத்து அவர் முன் வைத்தாள். காலியாக இருந்த கட்டத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: ‘ஒரே நாளில் தொண்ணூற்றிரண்டு அழைப்புகள். பழுதுபார்ப்பு ஏற்பாடு. முன்னுரிமைப் பட்டியல்.’ “இதுல எது தப்புன்னு சொல்லுங்க. அழிச்சிடறேன்.”

பிரேபென் இரண்டு முறை படித்தார். அழிக்க ஒன்றும் இல்லை. பேனாவை எடுத்து, பென்சில் எழுத்தின் மேலேயே நிதானமாக எழுதி, கையெழுத்துப் போட்டார். வாரத்துக்கு இருபது மணி நேரம், நிரந்தர வேலை. ரிக்கெ பிரேபெனின் கையைக் குலுக்கினாள். குலுக்கியவள் கொஞ்ச நேரம் கையை விடவில்லை. அவர் உடனே ஏழாவது கட்டளையைத் தேடி அட்டையைப் பார்த்தார். “இல்ல பிரேபென், சந்தோஷம்தான்” என்றாள்.

பிரேபென் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? ஒரு வாரம் கழித்து அவர் ரிக்கெயைத் தனியாகக் கூப்பிட்டு, தயங்கித் தயங்கி, கோபக்காரர்கள் பேசும்போது மட்டும் அந்தப் பத்து செகண்டை வேண்டும்போது வரவழைக்க முடியுமா என்று கேட்டாராம். அவள் எங்களிடம் வந்து சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தாங்குவதற்கு ஆள் போய்விட்டதே, அவர் சும்மா இருப்பாரா? மார்ச் மாதம் என் முழங்கால் மாடிப்படியில் லேசாகச் சொடுக்கியதைக் கேட்டுவிட்டார். ஏப்ரலில் என் கடிதங்களைப் பாதி குறைத்தார். அடுத்த வருடம், என் நல்லதுக்காக, எனக்கு முன்கூட்டியே பிரிவுபசாரம் நடத்திக் கேக் வெட்டினார். நன்றாக இருந்தது கேக்.

நீங்கள் அப்படியெல்லாம் இல்லை என்பீர்கள். இருக்கட்டும். அந்தப் பெண் தொலைபேசியோடு பேச்சில்லாமல் நின்ற இடத்தைப் படிக்கும்போது, யாராவது போய் அதை வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று உங்களுக்குத் தோன்றியதா, தோன்றவில்லையா? அவசரமாகப் பதில் சொல்ல வேண்டாம். ரிக்கெக்கு இந்த வேலை கிடைப்பதற்கு முன் நடந்த இன்னும் இரண்டு நேர்காணல்கள் உண்டு. அவை கொஞ்சம் கொடுமையானவை. நான் எழுதவில்லை. உங்கள் மனசு தாங்காது என்று நானே முடிவு செய்துவிட்டேன்.