மனசு விசாரணைக் கமிட்டியும் ஷம்சுதீனின் பத்து நாள் லீவும்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு உருப்படியாக ஒன்றைக் கண்டுபிடித்தது என்றால், அது 1923-ம் வருஷம், ரங்கூனில், எங்கள் மருத்துவப் பள்ளியின் இரண்டாம் மாடியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத்தான். அன்றுதான் ‘மாணவர் மனசு விசாரணைக் கமிட்டி’ உதயமாயிற்று. அதன் காரியதரிசி, மொழிபெயர்ப்பாளர், மைப்புட்டிக்குப் பொறுப்பாளர் ஆகிய மூவரும் அடியேன் ஒருவனே. ஹெட் கிளார்க் பொன்னுத்துரை. தாமுவே பேட்டையில் என் வீட்டு வாசலில் மூன்று பட்டங்களையும் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறேன்.

அந்த வருஷம் ஊரில் எலி விழுந்தது. எலி விழுந்தால் பின்னாலேயே மனிதர்களும் விழுவார்கள் என்பது பிளேக்கின் நடைமுறை விதி. டாக்டர்கள் போதாமல் மாணவர்களை வார்டுக்கு அனுப்பினோம். இரண்டே வாரத்தில் பையன்களுக்குத் தூக்கம் போயிற்று. சோறு இறங்கவில்லை. காரணமில்லாமல் அழுதார்கள். காரணம் இருந்தது, ரிக்கார்டில் இல்லை.

பிரின்சிபால் துரை அப்போது சீமையிலிருந்து வந்த மனோதத்துவப் புஸ்தகம் ஒன்றைப் பாதி படித்திருந்தார். யுத்தத்துக்குப் பிறகு லண்டனில் எல்லோருக்கும் மனசு இருக்கிறதாம். ரங்கூன் மட்டும் பின்தங்கலாமா? பதினோரு பேர் கமிட்டியில் உட்கார்ந்தார்கள். கேள்விப் படிவம் அச்சாயிற்று. முதல் கேள்வி: ‘உமக்கு மனசு உண்டா?’ இரண்டாவது: ‘உண்டு எனில், யாருடைய அனுமதியின் பேரில்?’

படிவங்கள் திரும்பி வந்ததும் கமிட்டி ஒரு விஞ்ஞான உண்மையைக் கண்டது. தூக்கமின்மை, பசியின்மை, அழுகை என்று எல்லாப் படிவத்திலும் அறிகுறி ஒன்றுதான். ஆனால் வியாதி வேறு! அது மாணவன் படுக்கும் கட்டிலைப் பொறுத்தது. பங்களா ஹாஸ்டலில் தங்கும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு வந்தது ‘நரம்புத் தளர்ச்சி’. மருந்து: மேமியோ மலையில் மூன்று வாரம் குளிர்காற்று. பர்மியப் பிள்ளைகளுக்கு வந்தது ‘வீட்டு ஏக்கம்’. மருந்து: ஞாயிற்றுக்கிழமை அரை நாள் வீடு. பின்பக்கத் தகரக் கொட்டகை லயனில் தங்கும் நம்மவர்களுக்கு வந்தது ‘வேலைக் கள்ளம்’. மருந்து: பிளேக் வார்டில் கூடுதல் டியூட்டி.

“ஒரே அறிகுறிக்கு மூன்று வியாதியா?” என்று கமிட்டியில் ஒரே ஒரு இளம் டாக்டர் கேட்டார்.

“நரம்பு இருந்தால்தானே தளரும்?” என்றார் பிரின்சிபால் துரை. “லயன் மாணவர்கள் இயற்கையிலேயே உறுதியானவர்கள். எத்தனை டியூட்டி போட்டாலும் புகார் சொல்வதில்லை.”

“புகார் சொன்னால் வேலைக் கள்ளம் என்று எழுதுகிறோமே?”

“அதனால்தான் சொல்வதில்லை. பார்த்தீர்களா, சிகிச்சை பலிக்கிறது!”

பலத்த கரகோஷம். அடுத்த கூட்டத்துக்கு அந்த இளம் டாக்டருக்கு அழைப்பு அனுப்ப மறந்துபோயிற்று. மறந்தது நான்தான்; மறக்கும்படி எனக்கு உத்தரவு.

கமிட்டியின் மகத்தான தீர்மானம் இனிமேல்தான் வருகிறது. ‘மனசை அவரவர் தாய்மொழியிலேயே விசாரிக்க வேண்டும், இங்கிலீஷில் மட்டுமே எழுத வேண்டும்.’ தமிழ்ப் பிள்ளைகளை விசாரிக்கும் பெரும்பேறு எனக்குக் கிட்டியது. முதலில் வந்தவன் மூன்றாம் வருஷ ஷம்சுதீன். பத்தொன்பது வயசு. நல்ல படிப்பாளி. லயனில் அவனோடு ஒரே அறையில் இருந்த அய்யாசாமி நெறிகட்டிக் காய்ச்சலில் படுத்து, ஷம்சுதீன் டியூட்டியில் இருந்தபோதே அவன் வார்டிலேயே இறந்துபோனான். நாடியைப் பிடித்துப் பார்த்து நேரம் எழுதியவன் ஷம்சுதீன்தான். அது முடிந்ததும் அடுத்த கட்டிலுக்குப் போகச் சொன்னார்கள். போனான்.

“என்ன தம்பி செய்யுது?” என்று தாய்மொழியில் விசாரித்தேன்.

“தூக்கம் வரலீங்க. கண்ண மூடுனா அய்யாசாமி நாடி இந்த வெரல்ல தட்டுது.”

“அது அய்யாசாமி சங்கதி. அவன் ஃபைல் மூடியாச்சு. உனக்கு என்ன?”

“மனசு சரியில்லீங்க. பத்து நாள் லீவு வாங்கிக் குடுங்க. லாத்தா வூட்ல இருந்துட்டு வந்துடுறேன். வந்து எந்த வார்டுல போட்டாலும் பாக்குறேன்.”

அவன் கேட்டது அவ்வளவுதான். பத்து நாள்.

படிவத்தில் ‘வியாதி’ என்ற கட்டம் ஓர் அங்குல அகலம். அகராதியைப் புரட்டினேன். மனசு என்றால் மைண்ட். சரி என்றால் சவுண்ட். இல்லை என்றால் அன். ‘அன்சவுண்ட் மைண்ட்’ என்று முத்து முத்தாக எழுதினேன். ‘பாதுகாவலர் விலாசம்’ என்ற கட்டத்தில் அவன் சொன்னபடியே லாத்தா என்று எழுதினேன். தமிழ் முஸ்லிம் வீடுகளில் அக்காளை லாத்தா என்பார்கள். சீனர் கடைகள் நிறைந்த ரங்கூன் தெரு ஒன்றின் பெயர் லத்தா. இங்கிலீஷில் எழுதினால் அக்காளும் தெருவும் ஒன்றே. அந்த மொழியின் சிக்கனத்தை என்னவென்று சொல்வது!

பிரின்சிபால் துரை படிவத்தைப் பார்த்துத் துள்ளி எழுந்தார். “அன்சவுண்ட் மைண்ட்! அவனே ஒப்புக்கொண்டானா?”

“ஆமாம் துரையவர்களே. தாய்மொழியில்.”

‘வேலைக் கள்ளம்’ என்றால் டியூட்டியோடு போயிருக்கும். அன்சவுண்ட் மைண்ட் என்றால் சட்டப்படி பைத்தியம்; அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. மறுநாள் காலை ஷம்சுதீனை ஊருக்கு வெளியே உள்ள பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வண்டியில் ஏற்றினார்கள். லீவு கிடைத்துவிட்டதென்று நினைத்துப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஏறும்போது என்னைப் பார்த்துச் சிரித்து, “ரொம்ப நன்றிங்க” என்றான். அதற்குப் பிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அஜீரணம் என்று பெருங்காயம் சாப்பிட்டேன்.

கமிட்டியின் அறிக்கை அற்புதமாக வந்தது. ‘லயன் மாணவர்களில் மனத்துயர் கொண்டவர்: பூஜ்யம்’ என்று எழுதினோம். ஒருவர் இருந்தார், அவர் பெயர் அதற்குள் மாணவர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டுவிட்டது. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. இவ்வளவு பெரிய உழைப்பில் நரம்பு தளர்ந்துபோன கமிட்டி அங்கத்தினர் எட்டுப் பேர் மேமியோவுக்கு ரயில் ஏறினார்கள்.

ஷம்சுதீனை வண்டியில் ஏற்றி மூன்று வாரம் ஆனபோது ஒரு பெண் அடுக்குப் பாத்திரத்தோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். தலையில் முக்காடு. முப்பது வயசிருக்கும். பெயர் மதீனா பீவி, ஷம்சுதீனின் லாத்தா. பபேடானில், பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கும் சந்திலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

“ரைட்டரய்யா, எந் தம்பி மூணு ஜும்மாவா வூட்டுக்கு வரல. வார்டுல கேட்டா ஆபீஸ்ல கேளுங்குறாங்க. அவனுக்கும் நோவு கண்டுருச்சா? மறைக்காம சொல்லுங்க.”

“பயப்படாதீர்கள் அம்மா. பிளேக் இல்லை. முறைப்படி நோட்டீஸ் அனுப்பினோமே? லத்தாவில் பல் கட்டும் சீனர் ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்.”

“எந் தம்பி நோட்டீச அவரு ஏன் வாங்குனாரு?”

“அது தபால் இலாகா சம்பந்தப்பட்டது.”

பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவள் பாத்திரத்தைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

“சயாவுன் ஆவப் போறான்னு தெருவெல்லாம் சொல்லி வச்சேன்” என்றாள். பர்மியர் டாக்டரைச் சொல்லும் வார்த்தை அது. “எப்ப வுடுவாங்க?”

“கமிட்டி கூடித் தீர்மானிக்க வேண்டும். கூடுவதற்கு ஆறு பேர் வேண்டும். எட்டுப் பேர் மலையில் இருக்கிறார்கள்.”

“மலையில என்ன?”

“அவர்களுக்கு... தூக்கம் வரவில்லை.”

“எந் தம்பிக்கும் அதானே?”

படிவத்தை எடுத்துக் காட்டினேன். ‘மனசு சரியில்லை’ என்று உங்கள் தம்பியே வாக்குமூலம் கொடுத்திருக்கிறார், நான் வார்த்தை மாறாமல் மொழிபெயர்த்திருக்கிறேன் என்றேன்.

அவள் அந்த ஓர் அங்குலக் கட்டத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“கூட இருந்த புள்ள செத்தா மனசு எப்புடிங்க சரியா இருக்கும்? மனசு சரியில்லன்னா என்னன்னு தொரைக்குத் தெரியாது. ஒங்களுக்குமா தெரியாது? நீங்க தமிழாளுதானே?”

எனக்குத் தெரியும். என் பெண்சாதி வாரத்துக்கு இரண்டு தரம் அதைச் சொல்கிறாள். அய்யாசாமியின் ஃபைலை மூடிய அன்று நானே சொன்னேன். என்னை யாரும் வண்டியில் ஏற்றவில்லை.

“தூக்கம் கெட்ட புள்ளைய உள்ள போட்டுட்டு, நல்லாத் தூங்குறவங்க எல்லாம் வெளிய இருக்கீங்க. ஒங்கள அல்லா கேக்கட்டும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். சோற்றுப் பாத்திரத்தை அவள் எடுத்துப் போகவில்லை. அது அங்கேயே இருந்தது.

கமிட்டியின் விதி எட்டாவது பிரிவுப்படி, பாதுகாவலர் சொல்வதைச் சொன்னபடியே இங்கிலீஷில் பதிவு செய்ய வேண்டும். உடனே பேனாவை எடுத்துப் பதிவு செய்தேன்: ‘மாணவரின் சகோதரி நேரில் வந்து, கமிட்டியின் பரிவுக்குத் தம் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துச் சென்றார்.’

மொழிபெயர்ப்பு அடியேனுடையது.