போடியாரோடு சண்டை பிடித்த அறுக்குளாக் காக்கா

கல்முனைக் கரையோரத்தில் அறுக்குளாக் காக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத வயோதிபர் ஒருவருமே இல்லை. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. அவருக்குப் பயிற்சி கொடுத்தவள் நான்தான்.

முதியோரைக் கவனிக்கும் சமூகசேவையாளர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி நடத்தினோம். வகுப்பில் எல்லாரும் இருபது வயதுப் பிள்ளைகள். அண்ணன் முறையில் எல்லாரும் காக்கா என்று கூப்பிட்ட அவருக்கு ஐம்பத்தைந்து. முழங்கால் போய் மீன் வியாபாரத்தை விட்டவர். இந்தச் சான்றிதழ் கிடைத்தால்தான் அவருக்கு வேறு வேலை. தெருத்தெருவாக அறுக்குளா கூவி விற்ற தொண்டை மட்டும் அப்படியே இருந்தது.

மெல்லப் பேசுங்கள், எதிர்த்துப் பேசாதீர்கள். இதுதான் என் முதல் பாடம். ஒத்திகையில் ஒரு பிள்ளை மூதாட்டியாக நடித்து, "எனக்குப் பசியில்ல" என்றாள்.

"பொய் சொல்லாதீங்க உம்மா! வாயில பணிஸ் தூள் இரிக்கி!" என்று கத்தினார் காக்கா.

இடைவேளையில் அவள் பணிஸ் தின்றது உண்மைதான். பிள்ளை அழுதேவிட்டாள்.

"காக்கா, வீட்டுக்குப் போற சோதினையிலயும் இப்பிடிக் கதைச்சா பெயில்தான்."

"அல்லாஹ்வே, வாயே தொறக்க மாட்டன் மிஸ்."

சோதனைக்கு அமைந்தது இறக்காமத்துப் போடியார். ஒரு காலத்தில் அந்தக் குளக்கரை ஊரில் வயலும் ஆட்களுமாக வாழ்ந்தவர். மனைவி மௌத்தாகி அடக்கம் முடிந்ததும் கல்முனையில் மகள் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். இரண்டு மாதமாக ஒரு வார்த்தை பேசவில்லை, சோறும் சரியாக இறங்கவில்லை. முதலில் போன நான்கு பிள்ளைகளும் தேனாகப் பேசினார்கள். போடியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவதாகக் காக்கா. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். எனக்கு நிம்மதி. அந்த நேரம் பார்த்து மகள் சோறும் குளத்து மீன் ஆணமும் கொண்டுவந்து வைத்தார்.

"சீ, சேத்து நாத்தம்! இதையும் மீனெண்டு திங்கிறதா?"

என் பேனா நின்றது. போடியாரின் தலை திரும்பியது.

"என்னடா சொன்ன?"

மகளின் கையிலிருந்த தண்ணீர்க் கோப்பை கீழே விழுந்தது.

"கடல் மீனுக்குக் கிட்ட வருமா எண்டு கேட்டன்."

"ஒங்கட மீன் ஐஸுக்குள்ள கெடந்த சவம்டா! இது துடிக்கத் துடிக்க ஆக்கினது!"

"அப்ப ஏன் திங்காம வெச்சிரிக்கீங்க?"

போடியார் தட்டை இழுத்தார். காக்காவை முறைத்துக்கொண்டே கடைசிப் பருக்கை வரை தின்றார். "நாளைக்கும் வா, காட்டுறன்" என்றார்.

மகள் குசினிக்குள் போய் அழுதது எனக்குக் கேட்டது. படிவத்தில் 'எதிர்த்துப் பேசாமை' என்ற கட்டத்தில் பூச்சியம் போட்டேன். கீழே பாஸ் என்பதற்கு 'சித்தி' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

இப்போது எங்கள் வாப்பாவும் மௌத்தாகி, உம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். ஊருக்கெல்லாம் படித்துக்கொடுத்த மெல்லிய பேச்சு என் வீட்டில் பலிக்கவில்லை. நேற்றுக் காக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"உம்மா எதுல கெட்டிக்காரி மிஸ்?"

"வட்டிலாப்பத்துல."

"சரி, போன பெருநாளைக்கு இனிப்புக் காணாதெண்டு தொடங்குவம். காலையில வாறன்."

அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. விடிந்ததிலிருந்து கேற்றடியில் நிற்கிறேன், அந்தத் தொண்டை தெருமுனையில் கேட்கிறதா என்று.