மகளுக்கு வேலை தேடப் போன இடத்தில்

முசரவாக்கம்,
செவ்வாய்க்கிழமை.

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் பிரேம்நாத் அவர்களுக்கு மாமா அஜிதநாதன் எழுதிக்கொண்டது. பகவான் அருளால் இங்கு நான், தங்கள் அக்கா குணமாலா, மகள் சம்யுக்தா மூவரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். மனநலம் பற்றிக் கீழே எழுதுகிறேன். ஓசூரில் தாங்களும் குடும்பத்தாரும் சகல சௌக்கியத்தோடும் இருப்பீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு யோசனை சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போகிறவர்களுக்கு என்ன குறை வந்துவிடப் போகிறது.

நான்கு வருடத்துக்கு முன் பொங்கலுக்கு வந்திருந்தபோது, சம்யுக்தா எங்கள் மிக்ஸியைப் பிரித்துப்போட்டுப் படம் வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்தீர்கள். "இண்டஸ்ட்ரியல் டிசைன் படிக்க வை மாமா, கம்பெனிக்காரன் க்யூவுல நிப்பான்" என்றீர்கள். நான் டிகிரியோடு சேர்த்து பி.எட். என்றேன். "என் தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் தங்கள் அக்கா. அன்றிலிருந்து, பெண் என்ன படிக்கிறாள் என்று யார் கேட்டாலும் நான் டிசைன் என்று சொல்வதும், "பிளவுஸ்லயா?" என்று அவர்கள் திருப்பிக் கேட்பதுமாக நான்கு வருடம் போய்விட்டது. தாங்கள் சொன்ன அந்த க்யூவைப் போன சனிக்கிழமை கண்ணால் பார்த்தேன். அதில் நின்றது நாங்கள்தான்.

கடைசி வருடப் பிள்ளைகளுக்காக வேலைவாய்ப்பு முகாம் என்று காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். முந்தின நாள் அங்கே கல்யாணம். மேடையில் அருள், அபிநயா என்று தெர்மாகோல் எழுத்து அப்படியே இருந்தது. அதன் கீழே நின்று ஒரு பெரிய மனிதர் உலகமே வடிவமைப்பாளர்களுக்காகக் காத்திருக்கிறது என்று ஒரு மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும் எதிரே போட்டிருந்த மேஜைகளைப் போய்ப் பார்த்தோம். பன்னிரண்டு கம்பெனி வரும் என்றார்கள், வந்தது ஐந்து. ஒன்று பேனா கொடுத்தது. ஒன்று, ஆறு மாதம் சம்பளமில்லாமல் வேலை செய்தால் அனுபவம் கிடைக்கும் என்றது. ஒருவர் பட்டுப் புடவைக் கடையிலிருந்து வந்திருந்தார். அவருக்கு வேண்டிய வடிவமைப்பாளர், கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளுக்குத் தினமும் புடவை மாற்றிக் கட்ட வேண்டுமாம். இதற்கா நான்கு வருடம் என்று நான் கேட்க, "அஞ்சு பொம்மைக்கு மடிப்பு எடுத்துப் பாருங்க, அப்பத் தெரியும்" என்று அவர் கோபித்துக்கொண்டார்.

நான்காவது மேஜையில் பெயர்ப் பலகை இருந்தது, ஆள் எழுந்து போயிருந்தார். ஐந்தாவதுதான் உங்கள் ஓசூர்ப் பக்கம் வீட்டுச் சாமான் செய்கிற கம்பெனி. நித்யா என்று ஒரு அம்மாள் வந்திருந்தார். சம்யுக்தா தான் செய்த தண்ணீர் கேன் ஸ்டாண்டை அவர் முன்னால் வைத்தாள். சித்திரையில் இருபத்தைந்து லிட்டர் கேனைத் தூக்கிக் கவிழ்த்ததில் தங்கள் அக்காவுக்கு இடுப்பு பிடித்துப் பத்து நாள் படுத்திருந்தது தங்களுக்குத் தெரிந்திருக்கும், போனில் "வெந்நீர் ஒத்தடம் குடு" என்று அதற்கும் யோசனை சொன்னீர்களே. அந்தச் சமயத்தில் இவள் வரைந்ததுதான் இது. கீழே ஒரு மிதி இருக்கிறது, அதைக் காலால் மிதித்தால் கேன் தானாகச் சாய்ந்து ஊற்றும். வரைந்தது அவள், என் வெல்டிங் பட்டறையில் பைப் வெட்டி ஒட்டிக் கொடுத்தது நான். அந்த அம்மாள் மிதித்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது. மகளே, இதோ வந்துவிட்டது வேலை என்று நினைத்தேன்.

அவர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். பிள்ளை கூச்ச சுபாவம், மெதுவாக யோசித்துப் பேசுவாள், நேரம் போகிறதே என்று நான் பதில் சொன்னேன். என்ன பைப் என்றார், சொன்னேன். எவ்வளவு கனம் தாங்கும் என்றார், நானே ஏறி நின்று காட்டினேன். மிதியை ஏன் இவ்வளவு தாழ்வாக வைத்தீர்கள் என்று அவளைப் பார்த்துக் கேட்டார். பட்டறையில் மிச்சமிருந்த பைப்பின் நீளம் அவ்வளவுதான் என்று நான் சொன்னேன். அவளிடம் ஒரு நோட்டு இருந்தது, அதைத் திறந்தாள், பிறகு மூடிவிட்டாள். கடைசியில் நித்யா அம்மாள் எழுந்து என் கையைக் குலுக்கி, "சார், எங்க ஒர்க்‌ஷாப்புக்கு சூப்பர்வைசரா வர்றீங்களா? உங்கள மாதிரி ஆளைத்தான் தேடிக்கினு இருக்கோம்" என்றார். ஐம்பத்தெட்டு வயதில் எனக்கு வேலை. மண்டபம் முழுக்க நூறு பிள்ளைகள் படமும் பொருளுமாக நிற்கிறார்கள், அன்றைக்கு வேலை கிடைத்த ஒரே ஆள் நான்தான் பிரேம்நாத். நீ சொன்னபடி கம்பெனிக்காரன் தேடித்தான் வந்தான், ஆளைத்தான் மாற்றிவிட்டான்.

எனக்கு வந்த கோபத்தில், மூளை அவளுடையது, உங்கள் வேலை யாருக்கு வேண்டும் என்று சத்தம் போட்டுவிட்டு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவளும் நானும் பஸ் ஏறி உட்கார்ந்தோம். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அம்மாவுக்கு முட்டி எவ்ளோ மடங்குதுன்னு எட்டு நாள் அளந்தேன்பா. அதுக்கு மேல கால தூக்குனா வலிக்குது. அதனாலதான் அந்த உயரம். நீ மிச்ச பைப்புன்னு சொல்லிட்ட."

"அதை நீ சொல்லியிருக்கலாமில்ல?" என்றேன்.

"எங்க சொல்றது? நீதான் பேசிக்கினே இருந்தியே" என்றாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். நான்கு நாளாக வீட்டில் என்னோடு சரியாகப் பேசுவதில்லை, சாப்பிட வா என்பதையும் தன் அம்மா மூலமாகத்தான் சொல்லி அனுப்புகிறாள். இதற்கெல்லாம் மூல காரணம் யார் என்று உட்கார்ந்து யோசித்தேன். என் பெயர் வந்துவிடும் போலிருந்ததால் யோசிப்பதை நிறுத்திவிட்டு உனக்கு எழுதுகிறேன். நீ அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் என் பெண் இந்நேரம் டீச்சர். ஆகவே அவளை வருகிற ஜூனில் பி.எட். சேர்ப்பதாக முடிவு செய்துவிட்டேன். இனி அவளை எந்த முகாமுக்கும் அனுப்புவதாக இல்லை. ஓசூர்ப் பக்கமே எங்களுக்கு வேண்டாம். தாங்களும் எங்கள் வீட்டு விஷயங்களில் யோசனை எதுவும் சொல்லாமல் இருந்தால் அதுவே பேருதவி.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் அன்பு. குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், அவர்களாவது அவரவர் விருப்பப்படி படிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் கோரும் மாமா,
அஜிதநாதன்.

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். சம்யுக்தா அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே தன் நோட்டு முழுவதையும் படம் எடுத்து நித்யா அம்மாளுக்கு அனுப்பியிருக்கிறாள், எனக்குச் சொல்லவில்லை. இன்று பதில் வந்துவிட்டது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஓசூரில் நேர்முகத் தேர்வு. முந்தின நாள் சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்துவிடுவாள். வேலை கிடைத்தால் உன் வீட்டில்தான் தங்க வேண்டும், அதற்கும் ஏற்பாடு செய். மேலே எழுதியதில் நலம் விசாரித்த இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கிழித்துவிடவும். என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று அவர்கள் எழுதியிருந்ததை அவளே படித்துக் காட்டினாள், நான்கு நாளில் என்னிடம் அவள் நேராகப் பேசியது அதுதான். சான்றிதழ்கள், நோட்டு, ஸ்டாண்டு. கடைசியில் ஒரு வரி: "அப்பாவை அழைத்து வர வேண்டாம்." ஆகையால் நான் பஸ் ஸ்டாண்டோடு நின்றுகொள்கிறேன். நீ கம்பெனி கேட் வரைக்கும் கூடப் போ. அங்கே யாராவது ஏதாவது கேட்டால் நீ வாயைத் திறக்காதே பிரேம்நாத். அவளே சொல்லிக்கொள்வாள்.